லூஸ் மோஷனா? மாத்திரைக்கு முன்னாடி காரணத்தைக் கண்டுபிடி!

நடிகர் இர்ஃபான் கான் 2018 மார்ச்சில் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கிற செல்களில் வர்ற கட்டி) இருக்குன்னு வெளிப்படையா சொன்னப்போதான் நம்மில் பலர் அந்தப் பேரையே கேள்விப்பட்டோம். 2020 ஏப்ரல் 29-ல் மும்பையில் அவர் காலமானார். கடைசியா அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தது பெருங்குடல் தொற்றுக்காக. அதிலிருந்து, இந்த வியாதின்னாலே ரெண்டு வருஷம்தான்னு பல வீடுகளில் முடிவு கட்டிடுறாங்க. அது தப்பு தங்கச்சி. இதில் மெதுவா வளர்ற வகைகள் நிறைய உண்டு. மாசாமாசம் ஊசி போட்டுக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு, பல வருஷம் நல்லா இருக்கிறவங்க இருக்காங்க. ஆனா அத்தனை வருஷமும் வயிறு ஒத்துழைக்கணும். அதைத்தான் வீட்டில் யாரும் சரியா கவனிக்கிறதில்லை.

மதுரையில பசுமலையிலிருந்து பாலரெங்காபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் அலையறவங்க, காட்பாடிக்கு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி. போறவங்க, இவங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் ஏது? அதான் நம்பர் போட்டுச் சொல்றேன்.

1. முதல்ல ஒரு நோட்டு போடு

"வயித்தால போகுது டாக்டர்"னு மொட்டையா சொல்லிட்டு வராதே. எத்தனை மணிக்கு, எத்தனை தடவை, என்ன நிறம், தண்ணியா எண்ணெய்ப்பசையா, அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாங்க, கடைசி ஊசி என்னைக்கு போட்டது, இவ்வளவையும் எழுதி வை. வாரம் ஒரு நாள் எடையும் பார்த்து எழுது. எழுத நேரமில்லையா, போன்ல குரல் பதிவு பண்ணி வச்சுக்கோ. டாக்டர் பாதி முடிவை இதை வச்சுத்தான் எடுப்பார்.

2. எல்லா லூஸ் மோஷனும் ஒண்ணு இல்லை

* முகம் சிவந்து காந்துது, ராத்திரியிலும் பட்டினி கிடந்தாலும் தண்ணியா போகுதுன்னா: கட்டி சுரக்கிற செரட்டோனின் மாதிரியான பொருட்களோட வேலையா இருக்கலாம். அடுத்த ஊசிக்கு முந்தின வாரம் மட்டும் இது கூடுதான்னு பாரு. கூடினா, ஊசி இடைவெளியை மாத்தணுமான்னு டாக்டர் யோசிப்பார்.
* வெளிறிப்போய், எண்ணெய் மிதந்து, கடும் நாத்தம், தண்ணி ஊத்தினாலும் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா: கொழுப்பு செரிக்கலை. மாசாமாசம் போடுற ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு ஊசிகள் கட்டியின் சுரப்பை அடக்கும்போது கணையத்தில் ஊறுற செரிமான நொதியையும் சேர்த்து அடக்கிடும்.
* சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆபரேஷனில் எடுத்தவங்களுக்கு, சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் எரிச்சலோட போகுதுன்னா: திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய பித்த உப்பு பெருங்குடலுக்குள்ள இறங்குது. இதுக்குக் கொலஸ்டைரமின் பொடி கொடுப்பாங்க. மத்த மாத்திரைகளை அந்தப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ, குறைஞ்சது 4 மணி நேரம் கழிச்சோ கொடு. சேர்த்துக் கொடுத்தா அந்த மாத்திரை உடம்பில் சேராது.
* எவரோலிமஸ், சுனிடினிப், கேப்சிடபின் ஆரம்பிச்ச பிறகு வந்ததுன்னா: மருந்தே காரணமா இருக்கலாம். அளவைக் குறைக்கிறதோ நிறுத்தி வைக்கிறதோ டாக்டர் கையில். நீயா முடிவெடுக்காதே.
* காய்ச்சலோட வந்ததுன்னா: தொற்றா இருக்கலாம். காத்திருக்காம கிளம்பு.

காரணம் அஞ்சு இருக்கு, வைத்தியமும் வேற வேற. தெருமுனை மெடிக்கல்ல லோபரமைடு வாங்கிப் போட்டுட்டு வேலை முடிஞ்சதுன்னு இருக்காதே. டாக்டர் அளவு சொல்லிக் கொடுத்திருந்தா தாராளமா போடு. காய்ச்சலோ ரத்தமோ இருந்தா மட்டும் அதைத் தொடாதே. வெளியேற வேண்டிய கிருமி உள்ளேயே தங்கிடும்.

3. நொதி கேப்சூலை முதல் வாயோட கொடு

கொழுப்பு செரிக்காதவங்களுக்கு டாக்டர் தர்ற கணைய நொதி கேப்சூலில் நிறைய பேர் பண்ற தப்பு இது. சாப்பிட்டு முடிச்சு, கை கழுவி, மத்த மாத்திரைகளோட சேர்த்து விழுங்குவாங்க. அப்போ சாப்பாடு முன்னாடி போயிருக்கும், நொதி பின்னாடி போகும். முதல் கவளத்தோட கொடு. சாப்பாடு பெரிசுன்னா பாதியில் இன்னொண்ணு வேணுமான்னு கேட்டுக்கோ. பால், முட்டை, பலகாரம்னு கொழுப்போ புரதமோ உள்ள சிற்றுண்டிக்கும் வேணும். வெறும் பழத்துக்கு வேண்டாம். கடிக்க விடாதே, பொடிக்காதே, சூடான ரசத்தில் கலக்காதே. சூட்டில் நொதி செத்துப்போகும்.

இது பெரும்பாலும் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கிறது. மதமோ சைவப் பழக்கமோ தடுத்தா டாக்டர்கிட்ட மனசுவிட்டுப் பேசு. சொல்லாம நிறுத்திடாதே.

4. தட்டைச் சின்னதாக்கு, சத்தைக் குறைக்காதே

* மூணு வேளையை அஞ்சாறு சின்ன வேளையாப் பிரி. வயிறு முட்டச் சாப்பிட்டாலே சிலருக்கு முகம் சிவந்து வயிறு ஓடும்.
* பன் பரோட்டா, சால்னா, கோலா உருண்டை, ஜிகர்தண்டா எல்லாம் நம்ம ஊர் பெருமைதான். வயிறு ஓடுற நாளில் அது எதுவும் வேண்டாம். எண்ணெய், காரம், மது மூணும் இந்த நோயில் தொல்லையைத் தூண்டி விடும்.
* அதுக்காக வெறும் கஞ்சியிலேயே ஆளை வச்சிருக்காதே. இட்லி, குழைவான சாதம், பாசிப்பருப்பு, அவிச்ச முட்டை, குழம்பில் வெந்த மீன், தோல் நீக்கின கோழி கொடு. பால் ஒத்துக்கலைன்னா மோர், தயிர்.
* கீரை, பச்சைக் காய்கறி, சோளம் எல்லாம் வயிறு அடங்குற வரைக்கும் ஓரமா இருக்கட்டும்.
* செரட்டோனின் அதிகமா சுரக்கிற கட்டி, உடம்பு நியாசின் (வைட்டமின் பி3) செய்ய வச்சிருக்கிற டிரிப்டோஃபானைத் தின்னுடும், நியாசின் குறைஞ்சுடும். வெயில் படுற இடத்தில் தோல் கறுத்துச் சொரசொரப்பானா, நாக்கு புண்ணானா, உடனே டாக்டர்கிட்ட காட்டு.
* ஊசி பல வருஷம் ஓடினா பி12, வைட்டமின் ஏ, டி, ஈ, கே குறையலாம். ரத்தப் பரிசோதனை எப்போன்னு நீயே கேளு.
* கஷாயம், லேகியம் எதுவும் கேட்காம வேண்டாம். எவரோலிமஸ் சாப்பிடுறவங்களுக்குப் பப்ளிமாஸும் கூடாது. மருந்து ரத்தத்தில் அளவுக்கு மீறி ஏறிடும்.

5. 24 மணி நேர சிறுநீர்ப் பரிசோதனைக்கு முன்னாடி

செரட்டோனின் எவ்வளவு சுரக்குதுன்னு பார்க்கிற இந்த டெஸ்டுக்கு முன் ரெண்டு மூணு நாள், லேப் சொல்ற வரைக்கும், வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, கத்தரிக்காய் வேண்டாம். இதில் இருக்கிற செரட்டோனின், ரிசல்ட்டைப் பொய்யா ஏத்திக் காட்டும். தக்காளி இல்லாம என்ன சமைக்கிறதுன்னு முழிக்காதே. மோர்க்குழம்பும் எலுமிச்சை ரசமும் இருக்கு. என்னென்ன மாத்திரை ஓடுதுன்னு லேப்பிலும் சொல்லிடு.

6. இளநீரை நம்பி உட்காராதே

தண்ணியா போறப்போ வெறும் தண்ணியோ இளநீரோ போதாது, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போகணும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவினப்போ டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலை வச்சே ஏகப்பட்ட உயிரைக் காப்பாத்தினார்.

* 21.8 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழு ஒரு லிட்டர் தண்ணியில் கரை. டம்ளர் டம்ளரா கொஞ்சம் கொஞ்சம் போட்டா அளவு கெட்டுப்போகும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே.
* பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணியில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலை தட்டி அள.
* டப்பாவில் விக்கிற இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது. அந்தப் பேரைப் போட்டு விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடை போட்டது.
* அக்னி நட்சத்திரத்திலும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்திலும் வயிறு ஓடுறவங்களை அழைச்சுட்டுப் போகாதே. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு இருந்தா எவ்வளவு குடிக்கலாம்னு முன்னாடியே கேட்டு வை.

7. விரதத்தைத் தள்ளி வை

திருப்பரங்குன்றம் பக்கத்தில் இருந்துக்கிட்டு சஷ்டிக்குப் பட்டினி இருக்காம முடியுமான்னு பெரியவங்க கேட்பாங்க. மாசாமாசம் போடுற ஊசியில் ரத்தச் சர்க்கரை ஏறவும் செய்யும், இறங்கவும் செய்யும். இன்சுலின் சுரக்கிற கட்டி உள்ளவங்க பட்டினி கிடந்தா மயங்கி விழலாம். சாப்பிட்டுட்டுக் கும்பிடச் சொல்லு, முருகன் கோவிச்சுக்க மாட்டார்.

8. வாந்திக்கும் நேரம் பார்க்கணும்

* கதிர்வீச்சு மருந்தை ரத்தத்தில் ஏத்துற லுட்டீசியம் சிகிச்சை பொதுவா 8 வார இடைவெளியில் 4 தடவை. சிறுநீரகத்தைக் காக்க அன்னைக்கு ஏத்துற அமினோ அமில டிரிப்தான் பெரும்பாலும் குமட்டலைக் கொண்டு வரும். முந்தைய தடவை வாந்தி இருந்ததுன்னா ஏத்துறதுக்கு முன்னாடியே சொல்லிடு.
* வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீரில் கதிர்வீச்சு இருக்கும். ஆண்களும் உட்கார்ந்தே போகணும், ரெண்டு தடவை ஃப்ளஷ் பண்ணணும், துடைக்கிறவங்க கையுறை போடணும். எத்தனை நாள்னு எழுதி வாங்கிக்கோ.
* கேப்சிடபினை, சாப்பாடு முடிஞ்ச அரை மணி நேரத்துக்குள்ள கொடு. டெமோசோலமைடு வெறும் வயித்தில், படுக்கப் போறப்போ. மாத்திக் கொடுத்துடாதே.

9. ஊசியை வெயிலில் தூக்கிட்டு அலையாதே

வெளியே வாங்கிட்டுப் போறதா இருந்தா, 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிர் வேணும். ஐஸ் பெட்டியில் கொண்டு போ, ஃப்ரீசரில் வைக்காதே. கெட்டுப்போன ஊசி வேலை செய்யலைன்னா பழைய தொல்லை எல்லாம் திரும்பும்.

10. பயணப் பை

மாத்துத் துணி, ஈர டிஷ்யூ, ஓ.ஆர்.எஸ்., கேப்சூல், நோட்டு. தேங்காயெண்ணெயும் போடு, அடிக்கடி கழுவி எரியுற இடத்தில் தடவிக்கலாம். தூரம்னா பஸ்ஸைவிட ரயில் மேல், கழிப்பறை இருக்கும்.

யோசிக்காம ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியது எப்போ?

* 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதுக்கு மேல் காய்ச்சல்
* மலத்தில் ரத்தம், இல்லை கறுப்பா தார் மாதிரி
* குடிச்ச தண்ணி நிக்கலை, சிறுநீர் குறைஞ்சிடுச்சு, எழுந்தா தலை சுத்துது
* வலது விலாவுக்குக் கீழே கடும் வலி, கண் மஞ்சள் (மாசாமாசம் போடுற ஊசியால் பித்தப்பைக் கல் வரலாம்)
* வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காத்துகூடப் பிரியலை (குடல் அடைப்பா இருக்கலாம்)

கடைசியா ஒண்ணு. மலம் பத்திப் பேச நம்ம வீட்டு ஆம்பளைங்களும் கூச்சப்படுவாங்க, பாட்டிகளும் கூச்சப்படுவாங்க. "எல்லாம் சரியா இருக்கு"ன்னு சொல்லிட்டு வெளியே வந்துடுவாங்க. அவங்க சொல்லலைன்னா நீ சொல்லு. நோட்டைத் திறந்து மேசை மேல வை. இந்தத் தொல்லையில் பெரும்பாலானதுக்கு மருந்து இருக்கு. கேட்டாத்தான் கிடைக்கும்.