எண்பத்திரண்டாம் நிமிடம்

கால்பந்தாட்டத்தில் ஓர் அணி பெறும் கோல்கள் பெரும்பாலும் அவ்வாட்டத்தோடு மறைந்துபோவன. வெற்றியும் தோல்வியும் அட்டவணையில் ஏறிய பின்னர், கோலைப் பெற்றவர் யார், எந்த நிமிடத்தில் பெற்றார் என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆயினும், ஒரு நாடு நெடுங்காலம் காத்திருந்து பெற்ற முதற் கோல் அவ்வாறு மறக்கப்படுவதன்று. 2017ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 9ஆம் நாள் இரவு, புது தில்லி ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில், பதினாறு வயது இளைஞர் ஒருவர் தலையால் முட்டிப் பெற்ற கோல் அத்தகையது. அந்த ஆட்டத்தில் இந்தியா தோற்றது என்பதையும் உடன் கூறிவிடுதல் முறையாம்.

இந்தியா கால்பந்தாட்டத்திற்குப் புதிய நாடு அன்று. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948இல், இலண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் நம்மவர் பிரான்சை எதிர்த்து ஆடினர். பலர் வெறுங்காலுடனேயே களம் புகுந்தனர். முதலில் பிரான்சு ஒரு கோல் பெற்றது. எழுபதாம் நிமிடத்தில் சாரங்கபாணி இராமன் என்பார் அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தபொழுது பிரான்சு மற்றொரு கோல் பெற்று வென்றது. 1951இலும் 1962இலும் ஆசியப் போட்டிகளில் இந்தியா பொற்பதக்கம் பெற்றது. 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. இளையோர் அணியும் 1974இல் பாங்காக்கில் நடந்த ஆசிய இளைஞர் போட்டியில் ஈரானுடன் கூட்டாக வாகை சூடியது. ஆனால் உலகக் கோப்பை என்னும் பெயர் தாங்கிய எந்தக் கால்பந்துப் போட்டியிலும், எந்த வயதினர்க்குரியதாயினும், இந்திய ஆடவர் அணி 2017 வரை காலடி வைத்ததில்லை. 1950இல் பிரேசிலுக்குச் செல்லும் வாய்ப்பு வந்தும் அணி அனுப்பப்படவில்லை. வெறுங்காலுடன் ஆட இசைவு கிடைக்காமையே அதற்குக் காரணம் என்று இன்றும் பலர் கூறுவர். அக்காலத்தில் ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதிய மனப்பான்மையும் காரணம் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

பதினேழு வயதிற்குட்பட்டோர்க்கான உலகக் கோப்பை முதன்முதல் 1985இல் சீன நாட்டில் நடைபெற்றது. அப்பொழுது வயது வரம்பு பதினாறு; 1991 முதல் அது பதினேழாயிற்று. முதற் கோப்பையை வென்ற நாடு நைசீரியா. இத்தகைய போட்டிகளில் வயதை மறைத்து ஆடுவோர் உளர் என்னும் குறை நெடுநாள் இருந்து வந்தது. பிறப்புச் சான்றிதழ் எழுதப்படுவது, எலும்போ வளர்வது. ஆதலால் 2009 முதல் மணிக்கட்டின் எலும்பைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்க்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. வளரும் பருவத்தில் முன்கை எலும்பின் தண்டிற்கும் முனைக்கும் இடையே குருத்தெலும்புப் படலம் ஒன்று உண்டு. வளர்ச்சி முற்றியதும் அப்படலம் மறைந்து இரு பகுதியும் ஒன்றாகப் பொருந்திவிடும். முற்றிலும் பொருந்திய எலும்பை உடையவர் பதினேழைக் கடந்தவர் எனக் கொள்ளுவர். ஏட்டைத் திருத்தலாம், எலும்பைத் திருத்துதல் அரிது.

2017ஆம் ஆண்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு இந்தியாவிற்குக் கிடைத்தது. நடத்தும் நாட்டிற்குத் தகுதிச் சுற்று இல்லை. இடம் தானே கிடைக்கும். கதவு திறந்துவிட்டது; உள்ளே சென்று நிற்க வல்ல அணிதான் தேவைப்பட்டது. செருமானியப் பயிற்சியாளர் நிக்கோலாய் ஆடம் தொடங்கிய பணியை, போட்டிக்கு ஏழு திங்கள் இருக்கையில் போர்த்துகீசியர் லூயிசு நார்ட்டன் டி மத்தோசு ஏற்றுக்கொண்டார்.

தேர்ந்தெடுக்கப்பட்ட இருபத்தொரு வீரருள் எண்மர் மணிப்பூர் மாநிலத்தவர். நாட்டின் மக்கள் தொகையில் நானூற்றில் ஒரு பங்கும் இல்லாத சிறு மாநிலம் அது. அணித்தலைவர் அமர்ஜித் சிங்கும், கோல் காவலர் தீரஜ் சிங்கும் அம்மாநிலத்தவரே. அமர்ஜித்தின் உறவினரும் தௌபால் மாவட்டத்தவருமான ஜீக்சன் சிங் முதலில் அணியில் இடம் பெறவில்லை. பஞ்சாபிலிருந்த மினர்வா என்னும் பயிற்சிக் கழகத்தில் அவர் ஆடிவந்தார். அக்கழகத்துச் சிறுவர் பயிற்சி ஆட்டமொன்றில் தேசிய அணியையே வென்றுவிடவே, பயிற்சியாளரின் பார்வை அவர்கள்பால் திரும்பியது. ஜீக்சனுக்கு முதலில் பந்தாட்டம் கற்பித்தவர் அவர்தம் தந்தையார். தாயாரோ காய்கறி விற்றுக் குடும்பம் பேணியவர். ஆறடிக்கு மேல் உயர்ந்த உடலும், பந்தின் போக்கை முன்னுணரும் கண்ணும் அவ்விளைஞர்க்கு வாய்த்திருந்தன. இவ்விரண்டும் பின்னர்ப் பயன்பட்டன.

அக்டோபர் 6ஆம் நாள் முதல் ஆட்டத்தில் அமெரிக்க ஐக்கிய நாடு மூன்று கோல்களால் வென்றது. கணக்கைக் கண்டு இந்தியர் எளிதில் வீழ்ந்தனர் என எண்ணுதல் பொருந்தாது. இரண்டு கோல் பின்தங்கியிருந்தபொழுது, தடுப்பாட்டக்காரர் அன்வர் அலி உதைத்த பந்து எதிரியின் கோலில் குறுக்குக் கட்டையின்மேல் மோதித் திரும்பியது. அமெரிக்கர் அந்தப் பந்தையே கைப்பற்றி மறுமுனைக்கு விரைந்து மூன்றாம் கோலைப் பெற்றனர். ஒரு கட்டையின் கனத்தில் கோல் ஒன்று இடம் மாறிற்று.

மூன்று நாள் கழித்துக் கொலம்பியாவுடன் ஆட்டம். நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில் திரண்டிருந்தனர். கொலம்பியர் பந்தைக் காலடியில் வைத்து ஆளும் திறத்தினர். இந்தியரோ தம் எல்லையைக் கட்டிக் காத்து, வாய்ப்பு நேர்ந்தபொழுது பாய்ந்து தாக்கினர். கோலை நோக்கி வந்த பந்துகளைத் தீரஜ் மீண்டும் மீண்டும் தடுத்தார். முற்பாதி முடியும் தறுவாயில் கேரளத்து இளைஞர் ராகுல் ஓங்கி உதைத்த பந்து கம்பத்தில் மோதியது. அரங்கமே ஒருமுறை எழுந்து அமர்ந்தது. இடைவேளைக்குப் பின் நாற்பத்தொன்பதாம் நிமிடத்தில் கொலம்பியாவின் பெனலோசா முதற் கோலைப் பெற்றார்.

அதன்பின் அரை மணி நேரத்திற்கு மேல் இந்தியர் தளரவில்லை. எண்பத்திரண்டாம் நிமிடத்தில் இந்தியாவிற்கு மூலை உதை ஒன்று கிடைத்தது. சஞ்சீவ் ஸ்டாலின் அதனை உதைத்தார். பந்து வளைந்து கோலின் முன்னே வந்து இறங்கியது. கூட்டத்தினிடையே ஜீக்சன் அனைவரினும் உயர எழும்பித் தலையால் அதனை முட்டினார். பந்து வலைக்குள் சென்றது. உலகக் கோப்பையொன்றில் இந்தியாவின் பெயரால் எழுதப்பட்ட முதற் கோல் அதுவே. வீரர்கள் ஓடிச் சென்று ஜீக்சனைத் தழுவிக்கொண்டனர். அரங்கில் எழுந்த ஆரவாரத்தில் அருகில் இருந்தவர் பேச்சும் கேட்டிராது.

நடுவில் பந்து வைக்கப்பட்டு ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஒரு நிமிடமே சென்றது. மகிழ்ச்சியின் மயக்கம் தெளிந்து, தடுப்பு வரிசை தன் நிலைக்குத் திரும்புமுன், பெனலோசா மறுபடியும் கோலைப் பெற்றுவிட்டார். கொலம்பியா இரண்டு, இந்தியா ஒன்று. இலண்டனில் அறுபத்தொன்பது ஆண்டுகட்கு முன் இராமன் பெற்ற கோலுக்கு நேர்ந்ததே ஜீக்சன் பெற்ற கோலுக்கும் நேர்ந்தது. ஆனால் இலண்டன் ஆட்டத்தில் பிரான்சுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் தேவைப்பட்டது. இங்கோ ஒரு நிமிடம் போதியதாயிற்று. பந்தாட்டத்தில் கோல் பெற்ற உடனே வரும் நிமிடமே மிக்க விழிப்பு வேண்டும் நிமிடம் என்பதைப் பயிற்சியாளர் பலரும் மாணவர்க்குக் கூறுவர். சொல்லக் கேட்டறிவது வேறு, பட்டறிவது வேறு.

அக்டோபர் 12ஆம் நாள் கானா நாட்டுடன் நிகழ்ந்த ஆட்டம் விரிவாகக் கூறத்தக்கதன்று. கானாவினர் வலிமையிலும் விரைவிலும் மேம்பட்டோர். நான்கு கோல்களால் வென்றனர். அவற்றுள் இறுதி இரண்டும் எண்பத்தாறு, எண்பத்தேழாம் நிமிடங்களில், நம்மவர் கால்கள் ஓய்ந்த பின்னர் விழுந்தவை. மூன்று ஆட்டத்திலும் தோற்று, ஒன்பது கோல் கொடுத்து, ஒன்று பெற்று இந்தியா வெளியேறியது. ஏனைய மூன்று அணிகளும் தலைக்கு ஆறு புள்ளிகள் பெற்று அடுத்த சுற்றுக்குச் சென்றன. அம்மூன்றும் தம்முள் ஒன்றையொன்று ஒருமுறை வென்றிருந்தன. நான்காம் அணியை யாவும் வென்றிருந்தன.

தாயகத்து அணி வெளியேறினும் மக்கள் அரங்குகளை விட்டு அகலவில்லை. தில்லி, கொல்கத்தா, கொச்சி, குவாகாத்தி, நவி மும்பை, மடகாவ் ஆகிய ஆறு நகரங்களில் நடந்த ஐம்பத்திரண்டு ஆட்டங்களைக் கண்டோர் தொகை 13,47,133. இவ்வகைப் போட்டியில் அதற்குமுன் இத்துணைப் பேர் கூடியதில்லை. கொல்கத்தாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து, இரண்டு கோல் பின்தங்கியிருந்தும், ஸ்பெயினை ஐந்துக்கு இரண்டு என வென்றது.

தோற்ற இளைஞர்களைக் கூட்டமைப்பு கலைத்துவிடவில்லை. அவர்களுட் பலரைக் கொண்டு அமைந்த அணி, அதே ஆண்டு நவம்பரில் தொடங்கிய தேசிய லீக் ஆட்டங்களில், தம்மினும் மூத்த தொழில்முறை வீரர்களை எதிர்த்து ஆடியது. முதல் ஆட்டத்திலேயே சென்னை நகர அணியை மூன்று கோல்களால் அது வென்றது. குறுக்குக் கட்டையில் பந்தை மோதிய அன்வர் அலி, இதயக் குறையொன்றால் ஆட்டத்தையே விடும் நிலைக்குத் தள்ளப்பட்டும் மீண்டு வந்து, 2022 சூன் திங்களில் ஆங்காங்கிற்கு எதிராக நாட்டின் மூத்தோர் அணிக்காகக் கோல் பெற்றார். ஜீக்சன் அதற்கு ஓராண்டு முன்னரே, 2021 மார்ச்சு 25ஆம் நாள், துபாயில் ஓமன் அணிக்கு எதிராக அந்த மூத்தோர் அணியின் சட்டையை முதன்முதல் அணிந்திருந்தார். தில்லியில் அவருடன் ஆடிய சுரேஷ் சிங்கும் அன்று உடன் இறங்கினார். அந்த ஆட்டம் ஒன்றுக்கொன்று என்னும் சமநிலையில் முடிந்தது.