ஓட்டலில் ஒரு மூலை மேசை

ஓட்டலில் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைக் கண்டால் வளர்ப்பு சரியில்லை என்கிறோம். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளை எவர்சில்வர் தட்டுகளின் ஓசை, மிக்சி இரைச்சல், விளக்கின் மினுக்கல், தாளிப்பு வாசனை எல்லாம் ஒருசேரத் தாக்குகின்றன. அது பிடிவாதமன்று, புலன்கள் தாங்காத நிலை.

"ஓட்டலுக்குக் குடும்பமாப் போய் மூணு வருஷமாச்சு டீச்சர்" என்றார் என் ஐந்தாம் வகுப்பு மாணவனின் தாய். வகுப்பில் ஓட்டல் நாடகம் நடத்தினோம். உட்கார், கேள், காத்திரு, சாப்பிடு, கைகழுவு என ஐந்து பட அட்டைகள். காத்திருப்பதுதான் அவனுக்குப் பெரும்பாடு. இரண்டு நிமிட மணற்கடிகாரம் கைகொடுத்தது. பரிமாறிய மாணவர்கள் சாம்பாரைத் தோசைமேல் ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைக்கப் பழகினர். (பெரியவர்கள் பலருக்கும் தேவையான பாடம்!)

பெற்றோரிடம் இவற்றைச் சொல்லலாம்: கூட்டமில்லாத மாலை நான்கு மணி நல்லது. ஓட்டலின் படத்தை முதல் நாளே காட்டுங்கள். சமையலறைக்கும் கைகழுவுமிடத்துக்கும் தள்ளியுள்ள மூலை மேசையைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சாய்தளம் கேட்பதைப் போலவே பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொல்வதற்கும் கூச்சம் வேண்டாம். பணத்தை முதலிலேயே கட்டிவிட்டால் நினைத்தபோது எழலாம். மீதியைப் பொட்டலம் கட்டிக்கொள்ளலாம். முதல் தடவைக்குப் பத்து நிமிடமே போதும்.