பாயும் ஒரு சொத்துதான்! ஆம்பே தீவுப் பெண்களிடம் ஒரு பாடம்



"உங்க கையில சொத்து எவ்வளவு இருக்கு?"ன்னு யாராவது கேட்டா நாம என்ன சொல்வோம்? பாஸ்புக்கில் இருக்கிற பணம், கொஞ்சம் நகை, இருந்தா ஒரு துண்டு நிலம். பணமா மாறாத உழைப்பைச் சொத்துன்னு சொல்ல நமக்கே வாய் வராது. ஆனா கையால முடைந்த பாயையே சொத்தாக எண்ணி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சமாதானத்துக்கும் அதையே கொடுத்து வாங்கும் பெண்கள் இருக்காங்க. இந்த இதழில் அவங்களைப் பற்றித் தெரிஞ்சுக்குவோம்.

எங்கே இருக்கு இந்த ஊர்?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் வனுவாட்டு என்று ஒரு நாடு இருக்கிறது. எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்த நாடு. பப்புவா நியூகினி, சாலமன் தீவுகள், பிஜி இவற்றோடு சேர்த்து இந்தப் பகுதியை மெலனேசியா என்பார்கள். பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து ஆண்ட இந்த நாடு 1980 ஜூலை 30 அன்று விடுதலை பெற்றது. மக்கள்தொகை சுமார் 3 லட்சம்தான். ஆனா மொழிகள் நூறுக்கும் மேலே! எல்லோருக்கும் பொதுவாகப் பேசுவது பிஸ்லாமா என்ற மொழி. நாலில் மூன்று பங்குக்கு மேல் மக்கள் கிராமத்தில்தான் வாழ்கிறார்கள்.

அந்த நாட்டின் வடபகுதியில் இருக்கும் எரிமலைத் தீவுதான் ஆம்பே.

கிராமத்து வாழ்க்கை

சோறு போடுவது தோட்டம். காட்டில் ஒரு பகுதியை வெட்டிச் சுத்தம் செய்து வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்கு, வாழை, கீரை போடுவார்கள். சில காலம் விளைந்ததும் அந்த மண்ணை ஓய்வாக விட்டுவிட்டு வேறு இடத்துக்குப் போவார்கள். வீட்டுக்கு வீடு பன்றி இருக்கும். குடிக்க பெரும்பாலும் மழைத்தண்ணிதான்.

விசேஷம் என்றால் லாப்லாப் உண்டு. கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் ஊற்றி, இலையில் பொதிந்து, நெருப்பில் காய்ந்த கல்லுக்கு நடுவே வைத்து வேகவைப்பார்கள். ஊர்ப் பொதுக் கூடத்துக்கு நகமால் என்று பெயர். ஊர்ப் பஞ்சாயத்தும் அங்கேதான். சாயங்காலம் ஆண்கள் காவா என்ற வேர்ச்சாறு குடிப்பதும் அங்கேதான்.

பாய் எப்படிச் சொத்தாகிறது?

நமக்குத் தெரிந்த தாழை இனத்துச் செடியின் ஓலைதான் மூலப்பொருள். முள்ளை எடுத்து, காயவைத்து, மெல்லிய கீற்றாகக் கிழித்து முடைவார்கள். அதோடு வேலை முடியலை. வாழைப்பட்டையில் பூவேலை வெட்டி, பாயோடு சேர்த்து ஒரு கட்டையில் சுற்றிக் கட்டி, சிவப்புச் சாயத்தில் கொதிக்க வைப்பார்கள். பட்டை மூடிய இடத்தில் சாயம் ஏறாது. அவிழ்த்துப் பார்த்தால் அழகான கோலம் விழுந்திருக்கும்.

பாயில் வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, கொடுக்க வேண்டிய இடமும் உண்டு. கல்யாணத்தில் பாய் கைமாறும். சாவுச் சடங்கில் கைமாறும். இரண்டு குடும்பத்துக்குள் சண்டை வந்தால், தீர்த்துக்கொள்ளும்போதும் பாய் கொடுப்பார்கள். பக்கத்தில் இருக்கும் பெந்தெகொஸ்தே தீவிலும் சிவப்புப் பாய் இதே மாதிரி பணம்போல நடமாடுகிறது.

ஆண்களுடைய பெரிய சொத்து பன்றி. கிடாப்பன்றியின் மேல்பல்லை எடுத்துவிட்டால் கீழ்க்கொம்பு தடையில்லாமல் வளர்ந்து வளைந்து வட்டமாகும். அதற்குப் பல வருஷம் ஆகும். அந்தக் கொம்பு வனுவாட்டின் தேசியக் கொடியிலேயே இருக்கிறது!

"பெண்களுக்கும் பாரம்பரியம் உண்டு"

இங்கேதான் முக்கியமான விஷயம். பாரம்பரிய வழக்கத்தை அந்த மக்கள் கஸ்டம் என்பார்கள். விடுதலைக்குப் பிறகு கஸ்டம் என்றாலே தலைவர்கள், சடங்கு, பன்றி, நடனம் என்று ஆண்கள் விஷயமாகவே பேசப்பட்டது. பெண்கள் முடையும் பாயை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. பெண்களுமே "எங்களுக்கு என்ன கஸ்டம் இருக்கு?" என்று இருந்துவிட்டார்கள்.

1991–92-இல் வனுவாட்டு பண்பாட்டு மையம் ஆம்பே பெண்களோடு சேர்ந்து பாய்த் தொழிலைப் பதிவு செய்தது. அந்த ஊர்ப் பெண்ணான ஜீன் தாரிசேசேயும், லிசன்ட் போல்டன் என்ற ஆய்வாளரும் இதில் பாடுபட்டார்கள். பெண்களுக்கும் கஸ்டம் உண்டு என்ற செய்தி வானொலி வழியே தீவு தீவாகப் போனது. 1994 முதல் கிராமத்துப் பெண்களே களப்பணியாளர்களாகி, தங்கள் ஊர் அறிவைத் தாங்களே பதிவு செய்யத் தொடங்கினார்கள்.

பாருங்க, பாய் புதுசா வரலை. உழைப்பும் புதுசா வரலை. அதைப் பெயர் சொல்லி, கணக்கில் எழுதியதுதான் புதுசு. அதன் பிறகே மதிப்பு வந்தது.

காசு வந்தபோது

பாய் இருந்தா மட்டும் போதுமா? போதாதுங்க. பள்ளிக் கட்டணம், மண்ணெண்ணெய், சோப்பு, கப்பல் கூலிக்கு எல்லாம் காசு வேணும். கொப்பரை, காவா விற்றுக் கிடைப்பதுதான் கிராமத்தில் காசு. அதனால் 2007-ஆம் ஆண்டைப் பாரம்பரியப் பொருளாதார ஆண்டு என்று அரசு அறிவித்தது. பள்ளிக் கட்டணத்தைப் பாயாகவும் கிழங்காகவும் வாங்கலாமே என்ற யோசனையும் அப்போது பேசப்பட்டது.

இன்னொரு பக்கம், 1996-இல் வான்வாட்ஸ் என்ற திட்டம் தலைநகர் போர்ட் விலாவில் தொடங்கியது. ஈடு கேட்காமல், பெண்களைக் குழுவாகச் சேர்த்து, சேமிக்க வைத்து, சிறுகடன் கொடுப்பது அதன் வேலை. நமக்கு ரொம்பப் பழக்கமான வழி, இல்லையா?

நிலமும் கையெழுத்தும்

வனுவாட்டின் அரசியல் சட்டப்படி நிலம் முழுவதும் பரம்பரை மண்ணின் மக்களுக்கே சொந்தம். வெளியாளுக்கு விற்க முடியாது. ஆனா குத்தகைக்கு விடலாம், அதுவும் 75 வருஷம் வரை! இந்த வழியில் தலைநகர் இருக்கும் எஃபாத்தே தீவின் கடற்கரை நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைக்குப் போய்விட்டது. பல இடங்களில் ஒருத்தர் இரண்டு பேர் போட்ட கையெழுத்தில் குடும்பமே நிலத்தை இழந்தது. 75 வருஷம் என்றால் மூன்று தலைமுறை. திரும்பி வரும்போது யாருக்கு நினைவிருக்கும்? அதனால் 2014-இல் புதிய நிலச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. உரிமை உள்ள எல்லோருடைய சம்மதமும் வேணும் என்பது அதன் சாரம்.

எரிமலை வெடித்தபோது

2017 செப்டம்பரில் ஆம்பே எரிமலை சீறியது. சுமார் 11,000 பேர், அதாவது தீவு முழுவதும், படகிலும் கப்பலிலும் சாண்டோ, மேவோ, பெந்தெகொஸ்தே தீவுகளுக்கு வெளியேறினார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். 2018-இல் மறுபடியும் சாம்பல் மழை. தோட்டம் மூடியது, கூரை இடிந்தது, மழைநீர்த் தொட்டி கெட்டது. மறுபடியும் தீவைக் காலி செய்தார்கள். உதவிக்கு அரசும் வந்தது, நிவாரணமும் வந்தது. அதோடு உறவு முறையும் கைகொடுத்தது. பல தலைமுறையாகப் பெண் கொடுத்து, பாய் கொடுத்து, பன்றி கொடுத்து வளர்த்த உறவு அது. 2020 ஏப்ரலில் ஹெரால்டு புயல் அடித்தபோது, கொரோனாவால் நாட்டின் எல்லை மூடியிருந்தது. அப்போதும் முதலில் கைகொடுத்தது ஊரும் பக்கத்து ஊரும்தான்.

எல்லாமே நல்லதா?

இல்லீங்க. அதையும் சொல்லணும். நகமாலில் பேசுவது பெரும்பாலும் ஆண்கள்தான். 52 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்துக்கு 2016, 2020 தேர்தல்களில் ஒரு பெண்கூட வெற்றி பெறவில்லை. 2022-இல் ஒரே ஒருவர் வென்றார். துணைவரிடமிருந்து அடி, உதை அல்லது பாலியல் கொடுமையை அனுபவித்ததாக 100-க்கு 60 பெண்கள் சொன்னார்கள் என்று வனுவாட்டுப் பெண்கள் மையம் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. குடும்பப் பாதுகாப்புச் சட்டம் 2008-லேயே நிறைவேறியும் இந்த நிலை. சொத்தை உருவாக்கும் கைக்கு, முடிவு எடுக்கும் இடத்திலும் பங்கு வேணும். இது இரண்டும் சேரலைன்னா பாதிக் கிணறு தாண்டின கதைதான்.

குழுக் கூட்டத்தில் பேசுங்க

1. நம்ம வீட்டில் காசு வராத வேலை என்னென்ன? ஒவ்வொருத்தரும் ஒரு வாரத்துக்கு எழுதி வந்து கூட்டத்தில் படிங்க. எழுதத் தெரியாதவங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுங்க.

2. நம்ம ஊரில் பெண்களுக்கு மட்டும் தெரிந்த கைத்தொழில், வைத்தியம், விதைப் பக்குவம் எது? அடுத்த தலைமுறைக்கு யார் சொல்லிக் கொடுக்கிறாங்க?

3. நிலம், கடன் சம்பந்தமான காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போடும் முன் நாம் யாரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்கிறோம்?

4. வெள்ளம், புயல் வந்தால் முதல் மூன்று நாள் நம்ம குழு யார் யாருக்கு என்ன செய்யும்? இப்பவே பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க.

ஆம்பே பெண்கள் பாயைக் கணக்கில் சேர்த்தாங்க. நாமும் நம்ம உழைப்பைக் கணக்கில் சேர்ப்போம். அடுத்த கூட்டத்துக்கு நோட்டும் பேனாவும் மறக்காம எடுத்து வாங்க!