மூக்கில் மோட்டார் நிலைக்க

புதுச்சேரியில் ஆர்.சி. விமானம் செய்யத் தொடங்கும் தம்பி தங்கச்சிகள் இறக்கைக்கு ஒரு வாரம் உழைப்பார்கள், மோட்டார் மவுண்டை அரை மணியில் ஒட்டிவிடுவார்கள். அதிர்வு முழுக்க அங்கேதான் பிறக்கிறது.

1. மோட்டாரைத் தாங்கும் முன்பலகைக்கு, அதாவது ஃபயர்வாலுக்கு, கைக்குக் கிடைத்த ப்ளைவுட்டை வெட்டாதீர்கள். வீட்டுக்குள் புழங்கும் எம்.ஆர். ரகம் நம் கடற்காற்றில் ஈரம் குடித்து அடுக்கு பிரியும். ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளையைக் கேளுங்கள். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரைத் தாங்க வேண்டும் என்பது விதி. 2212 அளவு மோட்டாருக்கு 4 மி.மீ. தாராளம். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டு போதும், முழுப் பலகைக்குக் காசைக் கரைக்காதீர்கள். வெட்டிய ஓரங்களில் எபாக்ஸியை மெல்லிசாகப் பூசிவிடுங்கள்.

2. ஹாட் க்ளூவை மூக்குப் பக்கம் அண்டவிடாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலும் மோட்டார் சூடும் சேர்ந்தால் அது இளகிவிடும். ஃபயர்வாலை உப்புத்தாளால் தேய்த்து, 30 நிமிட எபாக்ஸியால் ஒட்டி, உள்மூலைகளில் முக்கோண பால்சா கட்டை கொடுங்கள்.

3. மவுண்டைக் குறை சொல்லும் முன் ப்ரொப்பெல்லரைச் சமன் பாருங்கள். நிமிடத்துக்கு 8,000 சுற்று சுழலும்போது, மையத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி 1 கிராம் எடை கூடியிருந்தாலே சுமார் 700 கிராம் விசை மவுண்டை இழுக்கும். அதுவும் நொடிக்கு 133 முறை திசை சுற்றி. எந்தப் பசையும் இதற்கு நெடுநாள் ஈடுகொடுக்காது.

4. திருகின் நீளத்தை அளந்து போடுங்கள். அரை மி.மீ. கூடினாலும் முனை உள்ளே காப்பர் சுற்றைக் கீறி மோட்டாரைப் பொசுக்கிவிடலாம்.

5. மோட்டார் நேராகப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து பார்க்கையில் ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால் விமானம் இடப்பக்கம் சாயப் பார்க்கும். அதனால் வலப்பக்கம் 2 டிகிரி, கீழே 2 டிகிரி திருப்புங்கள். கோணமானி தேவையில்லை. துளைகளுக்கு இடையே 25 மி.மீ. என்றால், இடப்பக்கத் திருகு ஒவ்வொன்றிலும் மவுண்டுக்கும் பலகைக்கும் நடுவே அரை மி.மீ. வாஷர் இரண்டு. கீழ்நோக்குக்கு அதையே மேல்திருகுகளில் செய்யுங்கள்.

6. எஸ்.எஸ். திருகு வாங்குங்கள், சாதா இரும்பு இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். திருகுப்பசை உலோகத்தோடு உலோகம் சேருமிடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடலாம்.

7. உடையவே கூடாதென்று தடித்த அலுமினியத்தில் மவுண்ட் செய்வது வீண் பெருமை. புதியவர் விமானம் மூக்கால் குத்தியே தீரும். மவுண்டைத் தனி ப்ளைத் துண்டாகச் செய்து ஃபயர்வாலில் திருகுங்கள். குத்தும்போது அது உடையட்டும், உடற்பகுதி பிழைக்கும்.

8. லாஸ்பேட்டை விமான நிலையம் ஊரை ஒட்டியே இருக்கிறது. எங்கே பறக்கலாம் என்று காட்டும் டிஜிட்டல் ஸ்கை வரைபடம் பாராமல் பறக்கவிடாதீர்கள். பறக்கவிடும் முன், விமானத்தை மொட்டைமாடியில் கட்டிவைத்து முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓட்டி, திருகுகளைத் தொட்டுப் பாருங்கள். ப்ரொப்பெல்லருக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது.