பெரியவர்களுக்கு வரும் கரப்பான்: பினாங்குவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ்டவுனில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. துவைத்த துணி காய மறுக்கும், உப்பு டப்பாவிலேயே கசியும். இப்படிப்பட்ட ஊரில் தோல் மட்டும் ஏன் வறண்டு வெடிக்கிறது என்று கரப்பான் (எக்சிமா) வந்தவர்கள் கேட்பது நியாயம்தான்.

காற்றில் ஈரம் இருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் ஈரத்தைத் தோல் பிடித்துவைக்க வேண்டும். மேல்தோலைக் காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் பழுது இருந்தால் கரப்பான் வரும் வாய்ப்புக் கூடும் என்பது 2006இல் தெரியவந்தது. அந்தக் காவல் தளர்ந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறும். சோப்பும் தூசும் உள்ளே புகும். உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தெழ, அரிப்பு தொடங்கும். சிறுவயதில் விட்டுப்போனது நாற்பதில் திரும்பலாம். முதல் முறையாக அப்போதுதான் வரவும் செய்யலாம். இது ஒட்டுவாரொட்டி அல்ல. பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தயங்க வேண்டாம்.

முதல் படி: கரப்பான்தானா என்று பாருங்கள்

நம் வீடுகளில் அரிக்கும் எல்லாவற்றையும் ‘சொறி’ என்றோ ‘படை’ என்றோ சொல்லிவிடுகிறோம். இரவில் அரிப்பு கூடி, வீட்டில் மற்றவர்களும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம். ஓரம் தடித்து வட்டமாகப் பரவினால் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கரப்பான் பெரும்பாலும் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, கண்ணிமை, கை ஆகிய இடங்களில் வந்து வந்து போகும்.

புத்தகப் படங்களில் அது சிவப்பாக இருக்கும். நம் நிறத்தில் கருஞ்சாம்பலாக, ஊதாவாக, பழுப்பாகத் தெரியும். தோல் தடித்துச் சொரசொரப்பாகும். சிவக்கவில்லையே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: குளியலும் ஈரப்பசைக் களிம்பும்

வெதுவெதுப்பான நீரில் ஐந்து, பத்து நிமிடம் குளித்தால் போதும். சீயக்காயும் வாசனை சோப்பும் வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் களிம்பைப் பூசுங்கள். உடலெங்கும் கரப்பான் உள்ளவருக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சின்ன டியூப்பை ஒரு மாதம் வைத்து ஓட்டுகிறவர்கள், மருந்து வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான். விலை உயர்ந்தது வேண்டியதில்லை. வாசனை சேர்க்காத, முகம் சுளிக்காமல் தினமும் பூச முடிகிற ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. பாரஃபின் களிம்பு ஊறிய துணி சட்டென்று தீப்பிடிக்கும். சாமி விளக்கு ஏற்றும்போதும் சூடம் காட்டும்போதும் தள்ளி நில்லுங்கள். தண்ணீர்மலை ஏறி வியர்த்து வந்தால் உடலை நீரால் அலசி, பருத்தி உடைக்கு மாறுங்கள்.

மூன்றாம் படி: ஸ்டீராய்டை அளந்து பூசுங்கள்

தோலில் பூசும் ஸ்டீராய்டு 1952 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. ஆனாலும் சிலர் அதற்கு அஞ்சி, பொட்டு வைப்பதுபோல் தொட்டுவிட்டு நிறுத்துகிறார்கள். வேறு சிலர் மாதக்கணக்கில் அப்பிக்கொள்கிறார்கள். இரண்டுமே தவறு. சுட்டுவிரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு கை அகல இடத்துக்கு அது போதும். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் வீரியம் குறைந்தது. தடித்த இடங்களுக்கு வீரியம் கூடியது. மருத்துவர் சொன்ன நாள் வரை பூசி, தோல் அடங்கியதும் விடுங்கள். அடிக்கடி திரும்பும் இடங்களில் வாரம் இரண்டு நாள் மட்டும் பூசும் முறையும் உண்டு. கண்ணிமை போன்ற மென்மையான இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பு உதவும்.

ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் ‘எல்லாவற்றுக்கும் ஆகும்’ கலவைக் களிம்பைத் தொடாதீர்கள். அதில் பெரும்பாலும் ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் சேர்ந்திருக்கும். படர்தாமரையில் பூசினால் அரிப்பை மறைத்து, படையை வளர்க்கும். ஒரே வாரத்தில் அதிசயமாகக் குணமாக்கும் பொடியையும் மாத்திரையையும் சந்தேகியுங்கள். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்றவை மலேசியாவில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. பதிவான மருந்தின் பெட்டியில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் முத்திரையும் இருக்கும். எண் இல்லாததைப் பல மாதம் விழுங்கியிருந்தால் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

நான்காம் படி: வேலை செய்யும் கையைக் கவனியுங்கள்

பெரியவர்களின் கரப்பான் பல நேரம் கையில்தான் நிற்கும். நாசி கண்டார் கடையில் நாளெல்லாம் தட்டு கழுவுகிறவர், பூண்டு உரிக்கிறவர், முடிதிருத்துகிறவர், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஈயப்பற்று வைக்கிறவர் என ஆளுக்கொரு காரணம். பற்றுவைப்பில் பயன்படும் பைன் மரப் பிசினும், தொழிற்சாலையில் புழங்கும் எப்பாக்சியும் ஒவ்வாமை தரக்கூடியவை. பாதுகாப்புக்குப் போடும் ரப்பர் கையுறையிலேயே ரப்பரைப் பதப்படுத்தும் ரசாயனங்கள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்படிப்பட்டவர்கள் வினைல் கையுறைக்கு மாறி, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடலாம். விடுமுறையில் அடங்கி வேலைக்குத் திரும்பியதும் கிளம்புகிறதென்றால் முதுகில் ஒட்டிப் பார்க்கும் ஒவ்வாமைச் சோதனையைக் கேளுங்கள். கருப்பு மருதாணி, தலைச்சாயம், நிக்கல் கலந்த கவரிங் நகை ஆகியவையும் ஒவ்வாமை தருபவற்றின் பட்டியலில் உண்டு.

கத்தரிக்காய், கருவாடு, இறால் எல்லாம் ‘கரப்பான் பண்டம்’ என்று பத்தியம் இருப்பது நம் வழக்கம். பெரியவர்களில் உணவே முதன்மைக் காரணமாக இருப்பது அரிது. சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கினாலோ உடல் தடித்தாலோ அது வேறு, சோதிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கூட வரும் நோய்களைக் கேளுங்கள்

ஆஸ்துமா, காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு ஆகியவை கரப்பானின் உடன்பிறப்புகள். புகைமூட்டம் வரும் மாதங்களில் மூச்சிரைப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். பார்வை மங்கினால் கண் மருத்துவர் பார்க்கட்டும்.

நாம் பேசத் தயங்குவது தூக்கத்தையும் மனத்தையும் பற்றித்தான். இரவெல்லாம் சொறிந்து விடிந்தவருக்கு எரிச்சலும் சோர்வும் வராமல் இருக்குமா? கல்யாண வீட்டில் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் மனிதருக்கு மனச்சோர்வு வருவது பலவீனமல்ல. கரப்பானும் மனச்சோர்வும் பதற்றமும் சேர்ந்தே காணப்படுவதை மருத்துவ உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. மருத்துவரிடம் அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

புண்ணில் நீர் வடிந்து மஞ்சள் பொருக்குக் கட்டினால் பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். காய்ச்சலோடு, குத்தி எடுத்ததுபோல் சின்னச் சின்னப் புண்கள் வலியுடன் பரவினால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஆறாம் படி: எங்கே போவது, அடுத்து என்ன மருந்து

முதலில் பக்கத்து அரசு கிளினிக். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. அங்கே கடிதம் வாங்கி, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போகலாம். களிம்பில் அடங்காதவர்களுக்குப் புற ஊதா ஒளி சிகிச்சையும், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகளும் உண்டு. மாத்திரைகளுக்கு இரத்தப் பரிசோதனை கட்டாயம். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் மெத்தோட்ரெக்சேட் தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டுபிலுமாப் ஊசி கடுமையான கரப்பானில் நல்ல பலன் தருகிறது. விலைதான் பெரிய தடை.

போகும்போது வீட்டில் உள்ள எல்லாக் களிம்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நோய் கிளம்பிய நாளில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் அடங்கியிருக்கக்கூடும்.