வாரிய வீடு வாங்கும் நம்மவர்களுக்கு

கீழமாசி வீதியில் கடையும் அதன் மாடியிலேயே குடித்தனமுமாக இருந்த நம்மவர்கள் சிலர், இப்போது எல்லீஸ் நகர், வில்லாபுரம் பக்கம் மாடியில்லாத பழைய தனி வீடு தேடுகிறார்கள். நல்ல யோசனைதான். ரோடு, குழாய், பள்ளிக்கூடம் எல்லாம் அங்கே முன்பே வந்துவிட்டன.

ஆனால் அது தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் கட்டிய வீடு என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒதுக்கீட்டு உத்தரவு கிரயப் பத்திரம் ஆகாது. தவணை முழுவதும் கட்டித் தீர்த்த பிறகே வாரியம் ஒதுக்கீடுதாரருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்கும். அதை வாங்காமலே அக்ரிமென்ட், பவர் என்று இரண்டு மூன்று கை மாறிய வீடுகள் உண்டு. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது; வாரிசுகள் வந்து நிற்பார்கள். எனக்குத் தெரிந்த வத்தல் வியாபாரி ஒருவர் இப்படி அட்வான்ஸ் கொடுத்து, சீசன் கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் இரண்டு வருஷம் முடங்கிப் போயிற்று. வில்லங்கம் சுத்தம் என்று புரோக்கர் சான்றைக் காட்டினாராம். பதிவாகாத ஒப்பந்தம் அதில் எப்படி வரும்?

வாரியம் பதிந்து கொடுத்த அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, 30 வருஷ வில்லங்கமும் போட்டு, வக்கீலிடம் காட்டிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

பதிவுச் செலவும் சிறிதல்ல. 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 30 லட்சம் வீட்டுக்கு 2,70,000 ரூபாய். வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன் மேல்தான் கணக்கு.