கரையைக் காக்கும் கைகள்

சபா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கினபாத்தாங்கான் ஆறு பாய்கிறது. 560 கிலோமீட்டர் நீளமுள்ள இது, மலேசியாவின் இரண்டாவது நீளமான ஆறாகும். இதன் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் மக்களை 'ஓராங் சுங்கை' என்பர். 'ஆற்று மக்கள்' என்பது இதன் பொருள். பெயருக்கேற்ப அவர்களின் வாழ்க்கை ஆற்றோடு பின்னிப் பிணைந்தது.

ஒரு காலத்தில் ஆற்றின் இருமருங்கிலும் அடர்ந்த காடு இருந்தது. மரம் வெட்டும் தொழில் பெருகியதால் அக்காடு மெலிந்தது. பின்னர்ச் செம்பனைத் தோட்டங்கள் பரவின. ஆற்றோரத்தில் 20 மீட்டர் அகல நிலத்தைப் பாதுகாக்க வேண்டும் என்பது சபாவின் சட்டம். ஆயினும், சில இடங்களில் செம்பனை ஆற்றின் விளிம்புவரை வந்துவிட்டது. 1997, 1998ஆம் ஆண்டுகளில் நிலவிய கடும் வறட்சியின்போது மூண்ட தீ, எஞ்சிய காட்டிலும் சில பகுதிகளை அழித்தது.

மரம் இல்லாத கரை வலுவிழந்துவிடும். மரவேர்கள் மண்ணை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அவை இல்லாவிட்டால், மழைநீர் மண்ணை அரித்து ஆற்றில் சேர்க்கும், நீர் கலங்கும், மீன்களின் வாழிடம் கெடும். தோட்டத்தில் இடப்படும் உரமும் தடையின்றி ஆற்றில் கலக்கும். விலங்குகளுக்கும் இக்கரையே வழி. யானைக் கூட்டங்கள் கரையோரக் காட்டின் வழியாகவே இடம்பெயர்கின்றன. நீண்ட மூக்குக் குரங்குகள் ஆற்றோர மரங்களில் இரவைக் கழிக்கின்றன. மரத்திற்கு மரம் செல்லும் ஓராங் உத்தானுக்கு, இடையில் காடு அறுபட்டால் பாதையே அறுபட்டதுபோல் ஆகிவிடும்.

இந்நிலையை மாற்றப் பத்து பூத்தே வட்டாரக் கிராம மக்கள் முன்வந்தனர். அவர்கள் 'கோப்பல்' என்னும் கூட்டுறவுக் கழகத்தை அமைத்து, சுற்றுலாவோடு காட்டை மீட்கும் பணியையும் நடத்துகின்றனர். உள்நாட்டிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் தன்னார்வலர்கள் கிராமத்து வீடுகளில் தங்கி, அவர்களுடன் சேர்ந்து மரக்கன்றுகளை நடுகின்றனர்.

விரைவாக வளரும் ஏதாவது ஒரு மரத்தை நட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மழைக்காலத்தில் ஆறு பெருகி, கரையோர நிலம் நீரில் மூழ்கிவிடும். அந்நிலையைத் தாங்காத கன்றுகள் அழுகி மடியும். 'பங்கால்' போன்ற அம்மண்ணுக்கே உரிய மரங்களோ வெள்ளத்தைத் தாங்கி நிற்கும். பங்கால், தமிழர் நன்கறிந்த கடம்ப மரத்தின் உறவு மரமாகும். கடம்பைப் போலவே பந்து வடிவில் பூக்கும். அத்தி மரங்கள் இருவாச்சிப் பறவைக்கும் ஓராங் உத்தானுக்கும் பழம் தரும். மண்ணின் மரம் மண்ணையும் காக்கும். அங்கு வாழும் உயிர்களுக்கு உணவும் அளிக்கும்.

நடுவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெயில் படும் திறந்த வெளியில் புல் ஆளுயரம் வளர்ந்து கன்றை மறைத்துவிடும். காட்டுக்கொடிகள் அதைச் சுற்றி வளைத்து நெரிக்கும். எந்த யானைகளுக்காக மரம் நடப்படுகிறதோ, அந்த யானைகளே சில வேளைகளில் கன்றுகளை மிதித்துச் சென்றுவிடும்! ஆகவே, கிராம மக்கள் மீண்டும் மீண்டும் சென்று களை எடுக்கின்றனர், கொடிகளை அறுக்கின்றனர், பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாகப் புதியவற்றை நடுகின்றனர். கன்றுகள் வளர்ந்து நிழல் பரப்பிய பிறகே புல்லின் வேகம் அடங்கும். அதுவரை அவர்களுக்கு ஓய்வில்லை.

ஒரு கன்றை நடச் சில நிமிடங்கள் போதும். அது மரமாக நிலைபெறப் பல ஆண்டுகள் ஆகும். நட்ட நாளன்று எடுக்கும் நிழற்படத்தில் பலர் சிரித்தபடி நிற்கலாம். ஆனால், யாரும் பார்க்காத ஒரு நாளில், சேற்றில் குனிந்து களை பறிக்கும் கைகளே கரையைக் காக்கின்றன.